ஒரே நாளில் இரண்டு பன்றிப் பண்ணைகள்

இதை எழுத நான்கு வருடம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், தாளை மடித்து வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பன்றி வளர்க்க ஆசைப்படும் குடும்பஸ்தர்களுக்காக, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் பக்கம் போய்வந்த ஒரு நாளை நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்கு எங்கள் ஊர்த் திருவாமாத்தூரில் ஈசனைக் கும்பிட்டுத் திருநீறு இட்டுக்கொண்டு கிளம்பினேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றதும் சீட்டு எடுத்ததுமாக மூன்று லட்சம் வங்கியில் இருந்தது. என் மனைவிக்குத்தான் மனசில்லை.

“பன்னி மேய்ச்சிக்கினு கோயிலுக்கு எப்படிப் போவீங்க?”

“திருவிளையாடல்ல பன்னிக்குட்டிங்களுக்கே பால் குடுத்த சாமிதான அது? குளிச்சிட்டுப் போனா வேணாம்னா சொல்லப்போவுது?”

“சாமி சொல்லாது. உங்க அக்கா சொல்லும்.”

ஏழரை மணிக்குக் கோலியனூர் தாண்டி ஒரு பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். இரண்டு மாதக் குட்டி நாலாயிரம் என்றார் பண்ணைக்காரர். நான் உதட்டைப் பிதுக்கவும், “பத்தா எடுத்தீங்கன்னா மூவாயிரத்தி ஐந்நூறுக்கே தர்றேன். இன்னைக்கே ஏத்திக்கினு போயிடுங்க” என்று அவராகவே இறங்கினார். நான் கொட்டகைக்குள் போய் ஒரு குட்டியைத் தூக்கி எடை பார்த்தேன். மூலையில் நான்கு பன்றிகள் தீனி வைத்தும் எழாமல் கிடந்தன. காதெல்லாம் சிவந்திருந்தது.

“வெயிலுக்குப் படுத்துக்கினு இருக்குதுங்க” என்றார்.

அப்போது மணி ஏழே முக்கால். வெயில் ஏறவே இல்லை. அதை நான் யோசிக்கவில்லை; விலையைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வேட்டி எடுக்கக்கூட நாலு கடை ஏறி இறங்குகிறவன் நான். திண்டிவனம் பக்கம் கேள்விப்பட்டிருந்த இன்னொரு பண்ணையையும் பார்த்துவிடலாம் என்று, செருப்பில் ஒட்டியிருந்ததைப் புல்லில் தேய்த்துவிட்டு நடந்தேன்.

ஒன்பது மணிக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். திண்டிவனம் சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். விக்கிரவாண்டி வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்தார்.

“இன்னாணா, மாட்டு யாவாரமா?”

“இல்லீங்க, பன்னி.”

“அப்ப ஜன்னலாண்ட நீங்க குந்துங்க. காத்து வரட்டும், நாங்களும் பொழைக்கணும்ல.”

திண்டிவனத்தில் இறங்கி, ஓமந்தூர் போகும் டவுன் பஸ்ஸில் போய், ஒரு கிலோமீட்டர் நடந்தேன். பதினொன்றரை மணி. இரும்புக் கேட், வாசலில் சுண்ணாம்பு, ஒரு தொட்டியில் மருந்துத் தண்ணீர். பண்ணை நடத்துகிறவர் மேரி என்கிற நாற்பது வயதுப் பெண். கேட்டைத் திறக்காமலே கேட்டார்.

“வேற எந்தப் பண்ணைக்காவது போயிட்டு வர்றீங்களாணா?”

“இல்லம்மா. நேரா வீட்லேர்ந்துதான் வர்றேன்.”

ஊரெல்லாம் விலை கேட்டுக்கொண்டு வருகிறவன் என்று தெரிந்தால் மதிக்க மாட்டார் என்ற நினைப்பு. தொட்டியில் காலை நனைக்கச் சொன்னார். செருப்பின் நுனியை மட்டும் நனைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கொட்டகை ஓரம் நிற்க வைத்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். இருபதுக்கு முப்பது அடியில் சிமெண்ட் தரை, ஷீட் கூரை போட்டால் ஒரு லட்சத்து எண்பதாயிரம். தண்ணீருக்கு போர்வெல் இல்லாவிட்டால் இன்னும் ஒரு லட்சம். சினைப்பன்றி இருபத்தைந்தாயிரம், குட்டி ஐயாயிரத்து ஐந்நூறு. தீனிக்கு ஹோட்டல் மிச்சம் ஒரு டிரம் நூற்றைம்பது.

“அத கொதிக்க வெச்சுதான் போடணும். அந்த வெறகு செலவ யாரும் சொல்ல மாட்டாங்க. வித்து காசு பாக்க ஆறு மாசம் ஆவும். நீங்க சொல்ற மூணு லட்சம் பத்தாதுணா.”

பேரம் பேசாமல் எனக்கு வாய் நிற்காது. “குட்டி வெல ஜாஸ்தியா இருக்குதேம்மா. கோலியனூர் பக்கம் மூவாயிரத்தி ஐந்நூறுக்கே தர்றாங்க” என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “எப்பப் பாத்தீங்க?”

“பாக்கல, கேள்விப்பட்டேன்.”

“அந்த வெலைக்கு யாரும் தர மாட்டாங்கணா. அங்க பன்னிக்காய்ச்சல் வந்திருக்கும். தின்னாது, காது செவந்துடும். மருந்தே கெடையாது. ஒண்ணுக்கு வந்தா மொத்தத்தையும் குழி தோண்டிப் பொதைக்கணும். செருப்புல ஒட்டிக்கினே வந்துடும்.”

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சினைப்பன்றி மூச்சு வாங்குவது கேட்டது. எங்கள் கோயிலில் பொய்ச் சத்தியம் செய்தவனைச் சாமி விடாது என்று பயப்படுகிற ஊர்க்காரன் நான்; கேட்டில் நான் சொன்னதும் அப்படி ஒரு பொய்தான்.

“தங்கச்சி, காலையில அந்தக் கொட்டாய்க்குள்ள போயிட்டுதான் வர்றேன். குட்டியத் தூக்குனேன். நாலு பன்னிக்குக் காது செவப்பா இருந்துச்சு.”

அவர் கத்தவில்லை. “நவுராதீங்க” என்றார். பிளீச்சிங் பவுடர் கரைத்து வந்து என் முழங்கால் வரை ஊற்றினார். கையை முழங்கை வரை கழுவ வைத்தார். செருப்பைக் குச்சியால் தள்ளிக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே கொளுத்தினார். நான் நடந்த வழியெல்லாம் சுண்ணாம்பைக் கொட்டினார்.

“எம் பொண்ணு காலேஜ் ஃபீஸே இதுங்கதாணா. பதினஞ்சு நாள் போனாதான் தெரியும். அதுவரைக்கும் போன் பண்ணாதீங்க. உங்க நம்பரக் குடுத்துட்டுப் போங்க, நானே பண்றேன். ஜல்தி கெளம்புங்க.”

மதியம் ஒரு மணி வெயிலில் வெறுங்காலோடு நடந்தேன். திண்டிவனத்தில் நூற்றிருபதுக்கு ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

ஐந்தாம் நாள் கோலியனூர்ப் பண்ணையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று செய்தி வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் கோயிலுக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பன்றிகளுக்காக வேண்டிக்கொண்டேன். அவை செத்தால் கொன்றவன் நான்தான்.

பதினாறாம் நாள் மேரியே போன் செய்தார். “எல்லாம் நல்லா இருக்குதுணா. ஒண்ணு பத்து குட்டி போட்டுச்சு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “ஆண்டவன் காப்பாத்துனாரும்மா. நீ சொல்ற வெலைக்கே குட்டி எடுத்துக்கறேன்.”

“உங்களுக்குத் தர மாட்டேணா. கோவம் இல்ல. உங்க கொரலக் கேட்டாலே அந்த நாள்தான் ஞாபகம் வருது. இந்த நம்பர அழிச்சிடறேன்.”

நான் பண்ணை வைக்கவில்லை. நீங்கள் வைப்பதானால் வையுங்கள், நல்ல தொழில்தான். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குக் கொடுங்கள். ஆனால் ஒரு வரியும் மாற்றாமல் கொடுங்கள். நான் சொன்ன விலையெல்லாம் இப்போது ஏறியிருக்கும், அது பரவாயில்லை. ‘பாவம் மனிதன், மானம் போகுமே’ என்று இரக்கப்பட்டு, நான் சொன்ன பொய்யை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் விலைப்பட்டியல்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவர் ஒரே நாளில் இரண்டு பண்ணைக்குப் போய்விடுவார்.