மூன்று காட்ஸ் மேசையில் அக்கா

காலை பத்தரைக்கு ஸ்காபரோவில் மார்க்கம் ரோட்டுத் தொடர்மாடியிலிருந்து புறப்பட்டோம். பிக்கரிங் கசினோ ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். ஊபருக்கு முப்பத்திரண்டு டொலர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு கிழமை. கோயில்களெல்லாம் பார்த்து முடித்தாயிற்று. ஞாயிறு திரும்ப வேண்டும்.

அத்தான் காலமாகி எட்டு மாதம். அதுவரை ஒவ்வொரு வெள்ளியும் அந்த வீட்டில் முன்னூற்றுநாலு என்ற சீட்டாட்டம் நடக்கும். அக்காவும் அத்தானும் எதிரெதிரே இருந்து ஒரு கட்சி. கீழ் மாடித் தம்பதியர் மற்றக் கட்சி. அத்தானுக்குப் பிறகு அக்கா காட்ஸைத் தொடவில்லை. கீழ் மாடிக்காரர் கேட்டால் தலையிடி என்பார். கதவைச் சாத்திவிட்டு ரிவியோடு கிடக்கிற மனுசியை விட்டுவிட்டு எப்படிப் பிளேன் ஏறுவது? காட்ஸ் பைத்தியத்தைக் காட்ஸைக் காட்டியே எழுப்பலாம் என்று நினைத்தேன். சும்மா வேடிக்கை பார்க்கத்தான் என்று அக்காவிடம் புளுகினேன்.

ஊபர்காரர் பஞ்சாபி. கசினோவுக்குச் சிரித்துக்கொண்டு போகிறவர்கள் வரும்போது பேசுவதில்லை என்று முன்கூட்டியே ஆறுதல் சொன்னார்.

பதினொரு மணிக்கு மூன்று காட்ஸ் போக்கர் மேசையில் இருந்தோம். குறைந்த பந்தயம் பதினைந்து டொலர். காட்ஸ் போடுகிற மேசைக்காரி இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. அக்கா நூறு டொலர்த் தாளை வலக்கையால் நீட்டினார். அவள் கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

“அன்ரி, ரேபிளிலை வையுங்கோ. கையிலை வாங்க எங்களுக்கு அலவுட் இல்லை.”

காசை மேசையில் போடுவது அக்காவுக்கு மரியாதையீனம். இன்னொரு தரம் நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார்.

ஆட்டம் சுலபம். முதலில் பதினைந்து டொலர் வைக்க வேண்டும். உங்களுக்கு மூன்று காட், மேசைக்காரிக்கு மூன்று. உங்களுடையதை நீங்கள் மட்டும் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் மடித்துவிடலாம், வைத்த காசு போகும். விளையாடுவதென்றால் இன்னொரு பதினைந்து. மேசைக்காரியிடம் குறைந்தது ஒரு ராணியாவது இல்லாவிட்டால் முதல் பந்தயத்துக்கு அதேயளவு லாபம். இரண்டாவது சும்மா திரும்பி வரும். இருந்தால் யாருடையது பெரிது என்று பார்ப்பார்கள். ஒரே எண் இரண்டு வந்தால் நல்லது. மூன்றும் ஒரே இனமென்றால் அதைவிட மேல். அடுத்தடுத்த எண்கள் இன்னும் மேல். ஒரே எண் மூன்று அதற்கும் மேல். ஒரே இனத்தில் அடுத்தடுத்து மூன்று வந்தால் அதை வெல்ல வேறெதுவும் இல்லை. எதுவுமே வராவிட்டால் ராணி, ஆறு, நாலு வரை விளையாடலாம், அதற்குக் கீழே மடிக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் சொல்லித்தந்தார்.

அக்கா முதல் ஆட்டத்தை மடித்தார். இரண்டாவதில் காட்ஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உடனே நிமிர்ந்து எதிரே பார்த்தார். முப்பது வருடம் அத்தான் இருந்த திசை அது. இங்கே அந்த இடத்தில் நின்றது எதிராளி. பிள்ளை முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டு இரண்டாவது பந்தயத்தையும் வைத்தார்.

திருப்பினால் ஜாக், ஒன்பது, ஏழு. மேசைக்காரியிடம் ராணி இல்லை. அக்காவுக்குப் பதினைந்து டொலர் லாபம். ஜாக்கை நம்பிப் போகக் கூடாது அன்ரி என்றாள் பிள்ளை. முதலில் மடித்தது என்னவென்று கேட்டேன். ராசா, ராணி, எட்டு என்றார் அக்கா.

எனக்கு விளங்கிவிட்டது. முன்னூற்றுநாலில் ஜாக்தான் பெரிது, அடுத்தது ஒன்பது. ராசாவும் ராணியும் பத்துக்கும் கீழே. நல்ல கையை எறிந்துவிட்டு உதவாக்கரைக் கையோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். சொன்னதும் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நான் வந்த பிறகு கேட்ட முதல் சிரிப்பு.

பன்னிரண்டரைக்கு எழும்பினோம். நாற்பத்தைந்து டொலர் போயிருந்தது. திரும்பும் வழியில், வெள்ளிக்கிழமை கீழ் மாடிச் சனத்தை வரச் சொல்லப் போவதாக அக்கா சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தானின் இடத்தில் நான் இருக்கிறேன் என்றேன்.

“வேண்டாம் தம்பி. பத்தாம் மாடித் தேவியைக் கேக்கப்போறன். நீ ஞாயிற்றுக்கிழமை போயிடுவாய். எனக்கு எதிரிலை இருக்கிற ஆள் அடுத்த வெள்ளியும் வரவேணும்.”

கொஞ்சம் சுட்டது. அதைவிட நிம்மதியாக இருந்தது. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை தேத்தண்ணி நான் ஊற்றுகிறேன் என்றேன்.