ஆட்ரியின் வடிகட்டிகள்

கோர்படி ரயில்வே குடியிருப்பில் ஆட்ரியின் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது டீ வடிகட்டிகளைத்தான். முன்னறைச் சுவர் முழுக்க ஆணி அடித்து மாட்டியிருந்தாள். பித்தளை, அலுமினியம், வெள்ளி முலாம் பூசியது, பிளாஸ்டிக் என்று வகை வகையாக. டால்டா டப்பாவின் அடியில் யாரோ ஆணியால் ஓட்டை போட்டுச் செய்ததும் ஒன்று உண்டு. ஏரவாடா டீக்கடைக்காரர் ஒருவரிடம் புது வடிகட்டியைக் கொடுத்து அதை வாங்கி வந்தாள்.

1972இல் அவளைப் பெண் பார்க்க வந்தபோது தொடங்கியது இது. மாப்பிள்ளையின் அம்மா கோப்பையில் மிதந்த தேயிலைத் துணுக்கை விரலால் எடுத்து சாசரின் ஓரத்தில் தடவினார்.

"டீ வடிகட்டத் தெரியாதவ குடும்பம் நடத்திருவாளாக்கும்!"

எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு எழுந்தார். சம்பந்தம் முறிந்தது. வீட்டில் எல்லோரும் இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்க, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த ஆட்ரி சமையலறை வடிகட்டியை எடுத்து வந்து முன்னறையில் மாட்டினாள்.

"இனிமே வர்றவங்க இதப் பாத்துக்கிட்டே டீ குடிக்கட்டும்."

பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை. வந்திருந்தாலும் அவள் சுவரைக் காலி செய்திருக்க மாட்டாள்.

எண்பத்துமூன்றில், ராணுவக் குடியிருப்புகள் இருக்கும் கேம்ப் பகுதியிலிருந்த ஒரு சிறிய அருங்காட்சியகம், ஊர்க்காரர்கள் வீட்டில் சேர்த்து வைத்த பொருட்களைக் காட்சிக்குக் கேட்டது. ஆட்ரி பெயர் கொடுத்தாள்; அது பேப்பரிலும் வந்தது. சர்ச் கமிட்டியில் இருந்த தம்பி ஹெர்பர்ட் பதறிக்கொண்டு வந்தான்.

"அக்கா, நம்ம மானத்தக் கண்ணாடிப் பொட்டியில வைக்கப் போறியா? எதுக்குச் சேத்தேன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"நடந்ததச் சொல்லுவேன். வாய விட்டது அந்தம்மா. வெக்கம் மட்டும் எனக்கா, லே?"

'தேநீர் வடிகட்டத் தெரியாதவள் என்று மணம் மறுக்கப்பட்ட ஆட்ரி சேர்த்தவை' என்று ஓர் அட்டையில் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தாள்.

திறப்பு விழா அன்று போய்ப் பார்த்தால், பெட்டிக்குள் பித்தளையும் வெள்ளி முலாமும் மட்டுமே இருந்தன. மற்றவை மேசைக்கடியில் கோணிப்பையில் கிடந்தன. அட்டையைக் காணோம்.

"இது மியூசியம், மிஸ் ஆட்ரி. தகர டப்பாவுக்கும் வீட்டுச் சண்டைக்கும் இங்கே இடமில்லை" என்றார் செயலாளர், இந்தியில். அவர் ஓய்வுபெற்ற மேஜர்.

"அப்படியா? எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறேன். பேப்பரில் என் பெயரைப் பார்த்து வருகிறவர்களுக்கு வெறும் பெட்டியைக் காட்டுங்கள்."

ஆட்ரியும் இந்தியிலேயே சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள். வாசலில் சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்றது. மேஜர் காரைப் பார்த்தார், காலியாகிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். ஆட்ரி அதை வாங்கிப் பெட்டிக்குள் நிறுத்தினாள். டால்டா வடிகட்டியை நட்டநடுவில் வைத்துவிட்டு, மற்றதை அதைச் சுற்றி அடுக்கினாள்.

அட்டையைப் படித்துச் சிலர் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள். பாக்கரி ரொட்டி வட்டமாக வரவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் தன்னை வேண்டாமென்ற கதையை ஒரு மராத்திக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஹெர்பர்ட் ஒருநாள் வந்து, ஸ்கூட்டரை விட்டு இறங்காமல் வாசலோடு திரும்பிப் போனான்.

காட்சி முடிந்ததும், பித்தளை வடிகட்டிகளை மட்டும் நிரந்தரமாகத் தரச் சொல்லி மேஜர் கேட்டார்.

"பிரித்துத் தர மாட்டேன். வைத்தால் எல்லாவற்றையும் வையுங்கள், அட்டையோடு."

அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். "நன்றாக யோசியுங்கள்" என்று ஆட்ரி பையைக் கட்டி ஆட்டோவில் ஏற்றினாள். அடுத்த வருஷமும் பித்தளையை மட்டும் கேட்டார்கள். அவளுடைய பதில் மாறவில்லை.