மாமா விட்டுப்போன பாம்பு

மாமா எங்கள் வீட்டை விட்டுப் போனபோது தன் வேட்டி சட்டைகளையும் சவரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். பழைய கோட்டு ஒன்றையும் பாம்பையும் விட்டுவிட்டுப் போனார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்மா இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ரங்கூனில் ஒரு சுருட்டுக் கடைக்கு மேலே, மாடியில், எங்களுக்கு இரண்டு அறைகள். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் வருவார். வந்தாலும் அதிகம் பேசமாட்டார். அம்மா போன பிறகு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, அடுப்படியை என்னிடம் ஒப்படைத்திருந்தார். எனக்குப் பத்து வயது. அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டதெல்லாம் மாமா இருந்த வரைக்கும்தான்.

மாமாவுக்கு மர ஆலையில் வேலை. ஆற்றில் மிதந்து வந்த கட்டைகளுக்கு நடுவே கிடைத்தது என்று சொல்லி ஒருநாள் ஒரு மலைப்பாம்புக் குட்டியைத் துண்டில் சுருட்டி எடுத்து வந்தார். ஒன்றரை முழம் இருந்தது. மண்ணெண்ணெய் டின்கள் வரும் மரப்பெட்டி ஒன்றுக்கு முன்பக்கம் கம்பி வலை அடித்து, அதில் குடிவைத்தார். துரை என்று பெயரும் வைத்தார்.

“வாரத்துக்கு ஒரு வேளை சாப்பிடுறாரு. மத்த நேரமெல்லாம் படுத்துக் கெடக்காரு. வேற என்ன பேரு வைக்கிறது?” என்று கேட்டார். அன்று அப்பாகூடச் சிரித்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மாமாவும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். பேச்சு சத்தமாக மாறியது. ‘பர்மாக்காரி’ என்ற சொல்லும், ‘ஊருக்கு நான் என்னன்னு எழுதுறது’ என்ற வார்த்தைகளும் எனக்குக் கேட்டன. கதவு திறந்ததும் மாமா நேராகத் தன் துணிகளை எடுத்து மடித்தார்.

“மாவ்பியில வேலை கெடைச்சிருக்கு, ஆத்தா” என்றார் என்னிடம். ரயிலேறிப் போக வேண்டிய ஊர் அது.

“துரையை?”

பெட்டியைப் பார்த்தார். “நீ பார்த்துக்க. வெளிய விட்டுறாத. நான் வந்து எடுத்துக்கிறேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பொருளை வைத்துவிட்டுப் போனவர் பொருளை எடுக்க வந்துதானே ஆக வேண்டும்? பாம்பு பெட்டிக்குள் இருக்கும்வரை மாமா வருவது நிச்சயம் என்று எனக்குத் தோன்றியது.

பாம்புக்கு அந்த எண்ணம் இல்லை. மூன்றாம் நாள் காலை பெட்டி காலியாக இருந்தது. வலையின் ஒரு மூலையில் ஆணி தளர்ந்திருந்தது. என் இரண்டு விரல் நுழையும் அளவுதான் இடைவெளி. அப்பா வேலைக்குப் போன பிறகு விறகை எல்லாம் இறக்கிப் போட்டேன், அரிசிப் பீப்பாயை நகர்த்தினேன், பாயை உதறினேன். மத்தியானம் வரை அழுதுகொண்டே தேடினேன். கடைசியில், ஆணியில் தொங்கிய மாமாவின் கோட்டுக் கை மட்டும் பருத்திருப்பதைக் கண்டேன். உள்ளே துரை சுருண்டு கிடந்தது.

அன்றிலிருந்து என் பகல் முழுவதும் அந்தப் பெட்டியோடுதான். வலையைப் பிடுங்கிவிட்டு அங்கே பலகை அடித்தேன். காற்றுக்காக, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அதில் துளைகள் போட்டேன். மூடியின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். துரை மூக்கால் மூடியின் ஒரு மூலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும். தலை நுழைந்துவிட்டால் உடம்பு தானாக வந்துவிடும். இரண்டு முறை தலை வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன். மூக்கின் நுனியில் தோல் உரிந்து சிவந்திருந்தது. சாதம் வடித்துவிட்டு ஓடிவருவேன், துணி துவைத்துவிட்டு ஓடிவருவேன். ஈரக் கையோடு மூடியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்து, அன்று தெருவில் போன டிராம் வண்டியைப் பற்றியோ, கறிக்கு உப்பு கூடிவிட்டதைப் பற்றியோ அதனிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். வேறு யாரிடம் சொல்வது?

கீழே சுருட்டுக் கடை வைத்திருந்த டோ தின் என்ற பர்மிய அம்மாள் ஒருநாள் மாடியேறி வந்தாள். மேலே என்ன ஓயாமல் ஆணி அடிக்கிற சத்தம் என்று பார்க்க வந்தவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பயப்படவில்லை.

“தமீ, கல்லு வச்சா நிக்காது” என்றாள். தமீ என்றால் மகளே என்று அர்த்தம். “இது குளிருது, அதான் போகுது. ஒளிய இடம் இல்லே, அதான் போகுது. இருக்க இடம் நல்லா இருந்தா எங்கே போகும்?”

அவளே ஒரு கொண்டியும் கீலும் கொடுத்தாள். மூடியைக் கீலில் மாட்டிக் கொண்டி போட்டேன். பெட்டியை அடுப்புச் சுவரை ஒட்டி, வெதுவெதுப்பான இடத்துக்கு நகர்த்தினேன். ஒரு கும்பாவில் தண்ணீர் வைத்தேன். மாமாவின் கோட்டை மடித்து உள்ளே போட்டேன். துரை கோட்டுக்குள் புகுந்துகொண்டது. அதன் பிறகு மூடியை முட்டவே இல்லை.

அப்பா இதையெல்லாம் பார்த்தார். வாரம் ஒருமுறை எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைத்து, மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் பொறியைப் பெட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். என்னிடம் ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார். “அவன் வந்தா கதவத் தொறக்காத.”

நான்கு மாதம் கழித்து மாமா வந்தார். மழைக்காலம், மத்தியானம். கதவு தட்டும் சத்தம் கேட்டுப் பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமா இளைத்திருந்தார். லுங்கி கட்டியிருந்தார். கையில் மூடிபோட்ட புதுப் பிரம்புக் கூடை. கீழே, சுருட்டுக் கடை வாசலில், கொண்டையில் பூ வைத்த ஒரு பர்மியப் பெண் குடையோடு நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா கதவத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காக, மாமா.”

“தொறக்க வேணாம், ஆத்தா. நல்லா இருக்கியா? சமைக்கிறியா? கையச் சுட்டுக்கிட்டியா என்ன?” ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டு என் விரலைத் திருப்பிப் பார்த்தார். அது கம்பி காய்ச்சியபோது பட்ட தழும்பு. நான் சொல்லவில்லை. என் கண் கூடையின் மேலேயே இருந்தது.

“துரை எப்படி இருக்காரு?” என்றார்.

பாம்பைக் கொடுத்துவிட்டால் மாமாவுக்கு இங்கே இனி எடுக்க ஒன்றும் இல்லை. அது அந்த நொடியில் எனக்கு உறைத்தது.

“ஓடிப்போச்சு மாமா.”

“எப்ப?”

“போன வாரம். எல்லா இடமும் தேடிட்டேன்.”

எனக்குப் பின்னால் அடுப்புச் சுவரோரம் பெட்டி சாத்தியபடி இருந்தது. மாமா கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“போகட்டும், விடு. நீ அழுதியா?”

“ஆமா.” அது மட்டும் பொய்யில்லை.

கம்பி வழியாக ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் கொடுத்தார். படி இறங்கிப் போனார். அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். ஒரே குடைக்குள் இருவரும் தெருமுனை திரும்பினார்கள்.

எனக்கு ஒரே பெருமை. மாமா பாம்பைத் தேடிப் பார்க்க மறுபடி வருவார், வந்துகொண்டே இருப்பார் என்று நினைத்தேன். பாம்பு இருக்கும்வரை மாமா வருவார் என்பது என் கணக்கு. மாமாவைப் பொறுத்தவரை பாம்பே இல்லை என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைத் திறக்காததற்கு மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். அப்பா சட்டையைக் கழற்றியவர் அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“மழையில வந்தானா?”

“ஆமா.”

“ஒரு வாய் தண்ணியாவது குடுத்தியா?”

“நீங்கதான தொறக்க வேணாம்னீக?”

அப்பா அன்று நான் போட்ட சாதத்தில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

மாமா வரவில்லை. மழை ஓய்ந்து, வெயில் வந்து, மறு மழையும் ஓய்ந்தது. துரை என்னைவிட நீளமாகிவிட்டது, பெட்டி போதவில்லை. ஒரு ஞாயிறு காலை அப்பா, “இத மாவ்பிப் பக்கம் கொண்டுபோய் விட்டுருவோம்” என்றார். ரங்கூனைச் சுற்றி அதைவிடப் பக்கத்தில் எத்தனையோ புதர்க்காடு இருந்தது. இதற்கு இரண்டு ரயில் டிக்கெட் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அப்பா என்னை வெளியே அழைத்துப் போவதே பெரிது.

மாவ்பியில் இறங்கியதும் அப்பா வயல் பக்கம் போகாமல் சந்தைக்குள் நுழைந்தார். ஒரு மரத்தடியில் பெட்டியை இறக்கி, “பார்த்துக்க” என்று என்னை உட்கார வைத்தார். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். பர்மியர் கடை, நம் ஆட்கள் கடை, ஒன்றையும் விடவில்லை. பிறகு வீட்டு வரிசைகளுக்குள் போனார். திரும்பி வந்து பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார். எதிரே வருகிறவர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தார். எனக்குக் காலெல்லாம் வலித்தது. கொண்டி கழன்றுவிடுமோ என்று வேறு பயம்.

“இங்க காடே இல்லையேப்பா.”

“இன்னும் கொஞ்சம் பார்ப்போம்.”

வெயில் சாயும்வரை பார்த்தோம். ஊருக்கு வெளியே வாய்க்காலை ஒட்டி ஒரு மூங்கில் புதர் இருந்தது. அங்கே கொண்டியை நானே நீக்கினேன். துரை வெளியே வர நேரம் எடுத்துக்கொண்டது. முதலில் தலை, பிறகு மெதுவாக மற்றதெல்லாம். புல்லுக்குள் போனதும் கண்ணில் படவில்லை. கோட்டை உதறி, அப்பா மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “இவ்வளவு பெரிய ஊருன்னு நெனைக்கல” என்றார்.

ஊர் பெரிதாக இருப்பது பாம்புக்கு நல்லதுதானே என்று நான் நினைத்துக்கொண்டேன்.