நிற்காமல் போக வேண்டிய வண்டி

குர்லாவில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. பழைய வண்டியின் பாடியைக் கழற்றி வேறு வண்டியின் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், அதன் மேல் உட்கார்த்தி முடித்ததும் முதல் ஓட்டம் கோயிலுக்கு. பாடியைப் பொருத்திய ஃபிட்டரின் பெண்டாட்டி, மடியில் பிள்ளையோடு முன் சீட்டில் உட்கார வேண்டும். கோயில் வாசல் போய்ச் சேருகிறவரை வண்டி எங்கேயும் நிற்கக் கூடாது. நின்றால் அந்த வண்டி உருப்படாது, அதைச் செய்த கையும் உருப்படாது. சாமி பாதி, சோதனை பாதி. எவனாவது தன் பெண்டாட்டி பிள்ளையை ஆட்டம் கண்ட வண்டியில் ஏற்றுவானா? அதுதான் இதில் இருந்த கெட்டிக்காரத்தனம். இதை யோசித்துக் கண்டுபிடித்தவன் நிச்சயம் ஆம்பிளைதான். ஏறி உட்காருகிறவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நானோ பயந்தாங்கொள்ளி. கல்யாணமாகிப் பம்பாய்க்கு வந்த புதிதில் லோக்கல் ரயில் வரும்போது பிளாட்பாரத்துச் சுவரோடு ஒட்டி நிற்பேன். அறுபதுகளின் நடுவில் இது நடந்தபோது அந்தப் பயத்துக்கு ஒரு காரணமும் சேர்ந்திருந்தது. முதல் பிள்ளை பிறந்த வாரமே போய்விட்டது. அதற்குப் பின் ஒரு பெண் பிறந்தாள், அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். தாராவியில் எங்கள் அறைக்கு முன்னால் சாக்கடை ஓடும். அவள் வாசல் பக்கம் தலையைத் திருப்பினாலே எனக்கு ஈரக்குலை நடுங்கும். “ஏட்டி, நீ பாக்குற பார்வையிலயே அதுக்குக் காய்ச்சல் வந்துரும்” என்று அவர் கேலி செய்வார். செய்யட்டும். பெற்றுப் பறிகொடுத்தவள் நான்.

அந்த வருஷம் ஒரு கான்ட்ராக்டர் உலகச் சண்டைக் காலத்து மிலிட்டரி ஜீப் ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான். பின்னால் அணுசக்தி நகர் என்று ஆன இடத்தை ஒட்டி மலையடியில் வேலை எடுத்திருந்தார். மேடு பள்ளத்தில் போய்வர வண்டி வேண்டும். ஜீப்பின் அடிப்பாகம் துருவேறி இற்றுப்போயிருந்தது, மேலே பாடி மட்டும் கல்லு மாதிரி. எங்கேயோ மோதி மேல்பாகம் நசுங்கிப்போன புது ஜீப் ஒன்றின் சேசிஸையும் எஞ்சினையும் அவரே தேடி வாங்கிக் கொண்டுவந்தார். அதன் மேல் இதை வைத்துக் கொடு என்றார். சொல்வதற்கென்ன, சட்டியை இறக்கி வேறு அடுப்பில் வைக்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதில் ஒரு சிக்கல். சண்டைக் காலத்து ஜீப்புக்கு ஸ்டியரிங் இடது பக்கம். புது ஜீப்புக்கு வலது பக்கம். ஆகவே பாடியில் இடது பக்கம் இருந்த பழைய ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்துவிட்டு, வலது பக்கம் புது ஓட்டை வெட்ட வேண்டும். ஸ்டியரிங் தண்டு அதன் வழியாகத்தான் கீழே இறங்கும். என் வீட்டுக்காரர் வேலை படு சுத்தம், அதைச் சும்மா சொல்லக்கூடாது. ஓட்டை பெரிதானால் மழைத் தண்ணீர் காலில் அடிக்கும், பார்க்கவும் அசிங்கம் என்று, தண்டை ஒட்டினாற்போல வெட்டினார். “ஒரு நூலு நுழையாது, பாத்துக்க” என்று வீட்டில் வந்து பெருமை அடித்தார். எனக்கு வண்டி வேலை தெரியாது. கேட்டுக் கேட்டுக் காதில் விழுந்ததுதான்.

முதல் ஓட்டத்துக்கு முந்தின நாள் அந்தப் பெருமையைக் காணோம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை.

“என்ன, உடம்புக்குச் சேரலையா?”

“ஒண்ணுமில்ல.”

“பிள்ளைக்குச் சளியா இருக்கு. நாளைக்கு நாங்க வரணுமா?”

“வராம? அவ்வளவு பேரும் கூடி நிப்பாங்க. எம் பொழப்புல மண்ணள்ளிப் போடாத.”

அவர் குரலில் எரிச்சலைவிட வேறு என்னவோ இருந்தது. அது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

காலையில் பட்டறைக்குப் போனோம். பாடிக்குப் பச்சை பெயின்ட் அடித்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். கான்ட்ராக்டர் பட்டுச் சட்டையில் வந்து நின்றார். இந்த வண்டி நன்றாக ஓடினால் சைட்டுக்கு இன்னும் வண்டிகள் செய்ய வேண்டும், எல்லாம் உன் கைக்குத்தான் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “ஏறு தாயி, நீ ஏறுனாத்தான் லட்சுமி ஏறுன மாதிரி” என்று என்னிடம் சிரித்தார். லட்சுமி பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஜீப்புக்குக் கதவு கிடையாது. நான் பிள்ளையை முந்தானையால் என் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார், கான்ட்ராக்டர் பின்னால். எலுமிச்சம்பழம் நசுங்கியது, எல்லோரும் கை தட்டினார்கள். வண்டி செம்பூர்ப் பிள்ளையார் கோயிலைப் பார்த்துக் கிளம்பியது.

நல்ல ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போய் ரோட்டோரம் உடைந்திருந்த இடத்தில் என் பக்கத்துச் சக்கரம் மட்டும் மேடேறியது. சட்டென்று அவர் தோள் இறுகியது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இழுக்கிறார், அது வரமாட்டேன் என்கிறது. சக்கரம் மேட்டை விட்டு இறங்கியதும் லொடக்கென்று திரும்பிவிட்டது. எதிரே வந்த கைவண்டிக்காரன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான்.

“என்னங்க அது?”

“ஒண்ணுமில்ல. புதுசு, டைட்டா இருக்கு.”

“ஓரமா நிறுத்திப் பாருங்களேன்.”

“கோயிலு வராம நிக்கப்படாது, தாயி” என்றார் பின்னாலிருந்தவர். ஏதோ நான் தாலியைக் கழற்றச் சொன்ன மாதிரி அவருக்கு அதிர்ச்சி.

அதற்குப் பின் ஒவ்வொரு குழியும் எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. குழி வரும், வண்டி முறுக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் இறுகும், அவர் பல்லைக் கடிப்பார், குழி போகும், விடும். முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தேன். போவது பிள்ளையார் கோயிலுக்கு என்பதுகூட நினைவில் இல்லை. பிள்ளை மட்டும் காற்று முகத்தில் அடிக்கிற சந்தோஷத்தில் கையைக் கொட்டிக்கொண்டு வந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை முட்டியது.

செம்பூர் ரயில்வே கேட் திறந்திருந்தது. தண்டவாளத்தைத் தாண்டினவுடனே ரோடு வலது பக்கம் வளையும். நேராகப் போனால் நாலா என்கிற பெரிய சாக்கடை, கருப்புத் தண்ணீர், தடுப்புச் சுவர் கிடையாது. தண்டவாளத்தின் மேல் வண்டி ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் சாய்ந்தது. அதே நேரம் அவர் வளைக்கப் பார்த்தார். ஸ்டியரிங் அசையவில்லை. வண்டி நேராக நாலாவைப் பார்த்துப் போகிறது. அவர் கால் பிரேக்கின் மேல் இருப்பதைப் பார்த்தேன். மேலேதான் இருந்தது, மிதிக்கவில்லை.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் பிள்ளை பெறும்போதுகூட வந்ததில்லை. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். “புள்ள இருக்கு! நிறுத்துங்க, பாவி மனுஷா!”

மிதித்தார். வண்டி கிறீச்சிட்டு நின்றபோது முன் சக்கரத்தடியிலிருந்து மண் சரிந்து தண்ணீரில் விழுவது கேட்டது. “அரே, மர்னே ஆயா க்யா?” என்று கேட்காரன் கத்திக்கொண்டு ஓடி வந்தான். சாக வந்தாயா என்று கேட்டான். பின்னாலிருந்தவர்தான் முதலில் வாயைத் திறந்தார். “என்னடே, நிறுத்திப்புட்டியே!”

நான் இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றேன். பிள்ளை இப்போது வீறிட்டு அழுதாள். அவள் அழுதது எனக்கு அப்படி ஓர் ஆறுதல்.

என் வீட்டுக்காரர் கேட்காரனோடு சேர்ந்து வண்டியைப் பின்னுக்குத் தள்ளி ரோட்டோரம் நிறுத்தினார். பிறகு குனிந்தார். பானட்டைத் தூக்கவில்லை, சக்கரத்தைப் பார்க்கவில்லை, கீழே படுத்துத் தேடவில்லை. நேராக ஸ்டியரிங் தண்டு இறங்குகிற அந்த ஓட்டைக்குக் கை போனது. சீட்டுக்கடியிலிருந்து துணியில் சுற்றிய உருட்டு அரம் ஒன்றை எடுத்தார். வண்டி முறுக்கும்போதெல்லாம் தண்டைக் கவ்விப் பிடித்த அந்த ஓட்டையின் விளிம்பை அராவ ஆரம்பித்தார்.

நான் அந்த அரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோயிலுக்குப் போகிற வண்டியில் தேங்காய், பழம், சூடம் இருக்கும். அரம் எதற்கு?

அராவி முடித்தார், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். லேசாகத் திரும்பியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “சரியாப் போச்சு. இனி பிடிக்காது. ஏறு, நேரம் போவுது.”

“உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?”

“நேத்து ஜாக்கி வச்சு ஒரு வீலத் தூக்கினேன். அப்பப் பிடிச்சுது. பெயின்ட் எல்லாம் அடிச்சு முடிச்சாச்சு, காலையில நல்ல நேரம் குறிச்சாச்சு. கோயிலு வரைக்கும் தாங்கிரும்னு நெனச்சேன்.”

“தெரிஞ்சேவா எங்கள ஏத்துனீய?”

இல்லை என்று அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நம்பத் தயாராகத்தான் இருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, “சொல்லியிருந்தா நீ ஏறியிருக்க மாட்டியே” என்றார்.

நான் ஏறவில்லை. கான்ட்ராக்டர் தாயி, தாயி என்று கூப்பிட்டுப் பார்த்தார். முன் சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு அவர்கள் கோயிலுக்குப் போனார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் திரும்பத் தாண்டி நடந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், பிள்ளை மேல் உயிராக இருந்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் எப்போதும் போல அவருக்குச் சோறு வைத்தேன், அவரும் சாப்பிட்டார். அதுவரை பிள்ளை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் படுப்பாள். அன்று பாய் விரித்தபோது அவளைச் சுவர்ப் பக்கம் போட்டுவிட்டு நடுவில் நான் படுத்தேன்.