வேப்பமர நிழலும் மூன்று அடுப்பும்

காரைக்குடியில் என் மாமனார் புது வீடு கட்டியபோது மருமகள்கள் எங்கள் மூன்று பேரிடமும் யோசனை கேட்கவில்லை. எங்களை அளந்தார்.

ரங்கூனில் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கடைக்காரர்கள் பலர் ஒரே கட்டடத்தில் சேர்ந்து தங்குவார்கள், கிட்டங்கி என்பார்கள். மாமனார் அங்கே வெகுகாலம் இருந்தவர். கப்பலில் புதிதாக வந்து இறங்குகிறவன் யார் பக்கத்தில் பாய் விரிப்பான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாராம். "வாயால கேட்டா மருவாதிக்கு எதையாச்சும் சொல்லுவாக. எங்குட்டுப் போயி நிக்கிறாகன்னு பாத்தாப் போதும்" என்பார்.

எங்கள் வழக்கத்தில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைப்பார்கள். வீடு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு ஜோடிக்கும் தனி அறை, தனி அடுப்பு. பழைய வீட்டில் இடம் போதாமல் எங்களுக்கு அது தள்ளிக்கொண்டே போனது. மூத்த ஓரகத்தி வைத்த உப்புக் குழம்பைத் தின்று என் நாக்கே செத்துப்போயிருந்தது. என் ஆத்தா சீராகக் கொடுத்த வெண்கலப் பானை அடுப்பையே பார்க்காமல் பரணில் கிடந்தது. புது வீட்டில் அதை ஏற்றி நானே உலை வைக்க வேண்டும். என் ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டதும் மாமனார் வண்டி கட்டி எங்களை அழைத்துப்போனார். "பிடிச்ச எடத்துல போயி நில்லுங்கத்தா" என்றார். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தப் பொட்டலில் இருந்ததோ ஒரே ஒரு வேப்பமரம். மூன்று பேரும் அதன் அடியில் போய் நின்றோம். அவர் கைத்தடியால் எங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை அளந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இவுக பிரிய மாட்டாக. ஒரே அடுப்படியாப் போட்ருங்க" என்றார் கொத்தனாரிடம்.

எனக்குப் பரணில் கிடந்த பானை ஞாபகம் வந்தது. மூத்தவள், "அதுக்கென்ன, சேந்தே இருக்கோம்" என்றாள். இளையவள் தலையாட்டினாள். என் தலையும் ஆடியது. அது ஏன் ஆடியது என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

மரத்தை வெட்டி, பெரிய அடுப்படி கட்டிக் குடிபோனோம். அதே உப்புக் குழம்பு. என் பானை பரண் மாறியதுதான் மிச்சம். ஒருநாள் பொறுக்க முடியாமல் கதவுக்குப் பின்னால் நின்றபடி மாமனாரிடம் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"மாமா, அன்னைக்கு நாங்க வெயிலுக்கு ஒதுங்குனோம். வேற ஒண்ணுமில்ல."

பக்கத்தில் நின்ற மூத்தவள் பெருமூச்சு விட்டாள். "எனக்கும் என் புள்ளைகளுக்கு மட்டும் ஆக்குனாப் போதும்னுதான் இருந்துச்சு" என்றாள். இளையவள் இதற்கும் தலையாட்டினாள்.

மாமனார் குயவனுக்குச் சொல்லி அனுப்பினார். அந்த வாரமே ஆளுக்கொரு மண்ணடுப்பு வந்தது. பின்கட்டில் முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் தாழ்வாரம். வேண்டிய மூலையில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நல்ல நேரம் பொழுது சாய்ந்த பிறகு இருந்தது. முதலில் மூத்தவள் கிணற்றுப் பக்கம் வைத்தாள். இளையவள் அவளை ஒட்டி வைத்தாள். மற்ற மூன்று பக்கமும் எனக்காகக் காலியாகக் கிடந்தன. அடுப்பைத் தூக்கிக்கொண்டு எதிர் மூலை வரை போனேன். அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பி வந்து, இளையவள் அடுப்புக்குப் பக்கத்தில் இறக்கி, வெண்கலப் பானையை ஏற்றினேன்.

பின்னால் கைத்தடிச் சத்தம் கேட்டது. மாமனார் குனிந்து இரண்டு அடுப்புக்கும் நடுவே தடியை வைத்துப் பார்த்தார்.

"இப்ப எந்த வெயிலுக்கு ஒதுங்குனே ஆத்தா?"

முற்றத்தில் இருட்டிவிட்டிருந்தது. உலை கொதிக்கும் வரை யோசித்தேன். பிறகு அரிசியைக் களைந்து போட்டேன்.