ஹெப்சிபா டீச்சர் மூடாத கேட்

கல்மண்டபத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை ஆனதும் ஹெப்சிபா செய்த முதல் காரியம், காலையில் கேட்டைப் பூட்டுவதை நிறுத்தியதுதான். அதற்கு முன்பெல்லாம் மணி அடித்ததும் இழுத்துப் பூட்டிவிடுவார்கள். லேட்டாக வந்த பிள்ளை வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். நாலு தடவை திரும்பிய பிள்ளை அப்புறம் மீன் வெட்டப் போய்விடும். அதே பள்ளியில் ஹெப்சிபாவோடு படித்தவர்களிலேயே எத்தனை பேர் அப்படிப் போனார்கள்!

"லேட்டானாலும் வா, வராம மட்டும் இருக்காதே." இதுதான் அவள் சட்டம்.

தாளாளர் ஸ்டானிஸ்லாஸ் தலையில் அடித்துக்கொண்டார். "இது ஸ்கூலா, சத்திரமாம்மா?"

"சத்திரம்னே வெச்சுக்குங்க சார்."

பாதியில் நிற்கும் பிள்ளைகள் வருஷா வருஷம் குறைந்தார்கள். ஹெப்சிபாவுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. வராதா பின்னே?

அது இறங்கியது பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையன்று. தேர்வு மையம் திருவொற்றியூரில், வேறொரு பள்ளி. தன் பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டு அவள் வாசலிலேயே நின்றாள். எல்லோரும் வந்தாயிற்று, புளியந்தோப்புச் சங்கமித்ராவைத் தவிர. கணக்கில் புலி அந்தப் பெண். பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டால் அந்த வீட்டுக்கே விடிவு.

ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் அவள் அம்மா பச்சையம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பவே கெளம்பியிருப்பாளே மிஸ்! இன்னும் வர்லியா?"

ஹெப்சிபா எட்டிப் பார்த்தாள். சாலை நெடுக கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. காவலாளி கேட்டில் கைவைத்தார்.

"ஒரு பொண்ணு வரணும்ணா, கொஞ்சம் இருங்க."

"டைம் ஆயிடுச்சிம்மா. என் வேலை போனா நீங்களா சோறு போடுவீங்க?"

ஹெப்சிபா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். மூட்டுவலியாவது மண்ணாவது! லாரிகளுக்கு நடுவே நுழைந்து, ஒவ்வொரு ஷேர் ஆட்டோவுக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். கடைசியில் ஒன்றில் சங்கமித்ரா, ஹால் டிக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு.

"எறங்குடி! ஓடு!"

இரண்டு பேரும் மூச்சிரைக்க வந்து நின்றபோது கேட் பூட்டியிருந்தது. ஹெப்சிபா இரண்டு கையாலும் அடித்தாள். உள்ளேயிருந்து வந்த அதிகாரி முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "பேப்பர் குடுத்து நேரமாச்சு மேடம். இனிமே விட முடியாது."

கெஞ்சினாள். கத்தினாள். அவர் போய்விட்டார்.

சங்கமித்ரா அழவில்லை. "தண்ணி லாரி லேட்டா வந்துச்சு மிஸ். கொடத்த ரொப்பி வெச்சிட்டு வந்தேன். வுட்டா இன்னிக்கு பூரா வூட்ல தண்ணி கெடையாது."

"இன்னிக்கு ஒரு நாள் போனா போகுதுன்னு வரக்கூடாதாடி?"

"கேட்டு தொறந்துதான் இருக்கும்னு நெனச்சேன். நீங்கதான் நின்னுகினு இருப்பீங்களே மிஸ்."

பாவி, நான்தானே பழக்கினேன் என்று ஹெப்சிபாவுக்கு நெஞ்சு வெடித்தது. பெண்ணைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் அவள்தான் அழுதாள்.

அன்று மாலை ஸ்டானிஸ்லாஸ் கேட்டார். "இப்பவாவது மூடுவீங்களா?"

"மாட்டேன் சார்." ஆனால் குரலில் பழைய மிடுக்கு இல்லை.

துணைத் தேர்வு இருக்கிறது. அதற்குள் பாலிடெக்னிக்கில் இடம் இருக்குமோ என்னவோ, யார் கண்டது? மிச்சமிருக்கும் பரீட்சையும் போய்விடக் கூடாது. அடுத்தது அறிவியல்.

அறிவியல் பரீட்சையன்று காலை, புளியந்தோப்புக் குடியிருப்பில் பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். இஸ்திரி போட்ட காட்டன் புடவையில் நின்ற ஒருத்தியைப் பின்னாலிருந்தவள் தோளில் தட்டினாள்.

"இன்னாமே, புது மூஞ்சியா கீது? யார் வூடு?"

"பச்சையம்மா வீடு."

"அவ பொண்ணு எங்க?"

"பரீட்சைக்கு அனுப்பிட்டேன். முடியற வரைக்கும் அவ எடத்துல நான்தான்."

லாரி ஹாரன் அடித்தது. கூட்டம் நெருக்கியது. தலைமையாசிரியை முழங்கையால் இடித்துக்கொண்டு குடத்தை முன்னே நீட்டினாள்.