மழை நாளில் இறங்காத மென்பொருள்

வெள்ளைக் காகித உறைக்குள் ஒரு சிடி. உறையின் மேல் நீலப் பேனாவால் 'தம்பிக்கு' என்று எழுதியிருக்கும். பல வருடங்களாக என் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. தந்தவர், கரவனெல்லயில் டெலிபோனும் இணையமும் தரும் கொமினிகேஷன் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா. போட்டுப் பார்க்கவே மறுத்தவன் என் அண்ணன்.

யுத்தம் முடியாத காலம் அது. அண்ணன் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டிக்கொண்டே, ஞாயிறுகளில் கேகாலைக்குப் போய்க் கணினி படித்தான். கொழும்பில் கேம் செய்யும் கம்பனி வைத்திருந்த ஒருவர் வகுப்புக்கு வந்தபோது அவன் வரைந்த படங்களைப் பார்த்தாராம். "சித்திரை வருஷத்துக்கு முந்தி சின்னதா ஒரு கேம் செஞ்சு கொண்டு வா, வேலை தாறேன்" என்றாராம். அன்றிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. பழைய கணினி ஒன்றை எப்படியோ வாங்கி எங்கள் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். கேம் செய்யும் மென்பொருளை மட்டும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். அதற்கு எங்களுக்கு இருந்தது நானாவின் கடைதான்.

மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னையும் இழுத்துக்கொண்டு அன்றைக்குத்தான் பஸ் ஏறுவான். கோப்பு பாதிக்கு மேல் வந்ததும் நின்றுவிடும். திரும்ப அழுத்தினால் முதலிலிருந்து தொடங்கும். அண்ணன் வேறு கணினிக்கு மாறினான், வைரஸ் தடுக்கும் மென்பொருளை நிறுத்தினான், தேவையில்லாத கோப்புகளை அழித்து இடம் பண்ணினான். ஒருமுறை முழுதாக வந்த மாதிரி இருந்தது. வீட்டில் போட்டுப் பார்த்தால் கோப்பு பழுதென்று கணினி சொன்னது. அதற்குப் பிறகு அவன் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு நானாவின் கையைப் பார்க்கத் தொடங்கினான். அந்தக் கை எப்போதும் டெலிபோன் பக்கத்திலேயே இருந்தது. இணையமும் அதே லைனில்தான் வந்தது, லைனைக் கழற்றினால் இறங்குவது நின்றுவிடும்.

நானாவுக்கும் எங்கள்மேல் கண்தான். எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து வந்து நிற்பார். "என்ன தம்பி இவ்வளவு பெருசா எறக்குறீங்க? பொலிஸ் வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ற?" என்பார். தோட்டத்துத் தமிழ்ப் பையன் என்றால் அந்த நாளில் யாருக்கும் ஒரு சந்தேகம்தான். எனக்கு ஆத்திரமாக வரும். அவர் பயந்ததிலும் பிழையில்லை என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியில் அண்ணன் வெடித்தான். "நீங்கதானே லைனப் புடுங்குறீங்க! நாங்க உருப்படக் கூடாதுன்னுதானே?"

நானாவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்பிடி நெனச்சா இங்க வராதீங்க" என்றார்.

சித்திரைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. நல்ல வெயில் நாளொன்றில் அடையாள அட்டையைப் போட்டோ கொப்பி எடுக்க நான் தனியாகப் போனேன். நானா இந்தச் சிடியை நீட்டினார்.

"மக, ஒங்கட அண்ணன் வாரதெல்லாம் மழைக்குத்தானே. மழ பெஞ்சா லைன்ல தண்ணி போகுது. வெயில்ல போட்டுப் பாத்தன், முழுசா எறங்கிட்டு. கொண்டு குடுங்க."

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அண்ணன் உறையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏசிட்டு வந்தவனுக்கு எவனாச்சும் சும்மா குடுப்பானா? பொலிஸ்ல மாட்டிவிட என்னமோ ஏத்தி வச்சிருக்காரு. இத நம்ம வீட்டு மெசின்ல போடாத."

நான் கெஞ்சினேன், அழுதேன். அவன் அசையவில்லை. சித்திரை வந்து போனது. அண்ணன் கொழும்பில் மூட்டை தூக்கப் போனான், பிறகு கட்டாருக்கு. நானாவும் கடையை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார்.

இப்போது நான் ஆசிரியை. மழை கொட்டும்போதும் என் பிள்ளைகள் போனில் கேம் இறக்கி விளையாடுகிறார்கள். போன மாதம் பள்ளிக்கூடத்துப் பழைய கணினியில் அந்தச் சிடியைப் போட்டேன். ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறியது. புதிய கேம் தொடங்கவா என்று கேட்டு வெறும் திரையோடு நின்றது.

அன்று மாலை அண்ணன் போன் எடுத்தபோது சிடியைப் போட்டுப் பார்த்ததாக வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஓடிச்சா?"

"இல்ல, பழுது" என்றேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றான். அவன் குரலில் அத்தனை நிம்மதி. நான் சிடியை உறையில் போட்டு மறுபடியும் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.